வீட்டுக் குளத்தில் மீன்கள் திடீரென இறந்தால் என்ன செய்வது

முந்தின நாள் மாலை தீனிக்கு முண்டியடித்து வந்த கோய் மீன்கள் (கெண்டை இனத்து அலங்கார மீன்கள்) மறுநாள் விடியலில் வயிறு மேலாக மிதப்பதைக் காணும் எவரும் பதறித்தான் போவார்கள். அந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது, மீன் வாங்கிய கடையை அலைபேசியில் அழைத்து என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்பது. நான் குளம் கட்டிய முதல் கோடையில் அதையே செய்தேன். கடையில் சொன்ன நீல மருந்தை, குளத்தின் கொள்ளளவு தெரியாமலே கண்ணளவில் ஊற்றி, காலையில் பிழைத்திருந்தவற்றில் பாதியை மாலைக்குள் இழந்தேன். அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இருந்ததில்லை; முந்தின இரவு மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அருவி மோட்டாரை நிறுத்தியது நான்தான்.

நோய் வழக்கமாக ஒன்றிரண்டு மீன்களில் தொடங்கி நாள்கணக்கில் பரவும். ஒரே இரவிலோ ஒரே பகலிலோ பல மீன்கள் இறந்தால், காரணத்தைப் பெரும்பாலும் தண்ணீரில்தான் தேட வேண்டும். மீன்கள் எந்த நேரத்தில் இறந்தன, எவை முதலில் இறந்தன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை மருந்துப் புட்டியைத் திறக்கக் கூடாது. வீட்டு முற்றத்திலோ மாடியிலோ 2,000 முதல் 10,000 லிட்டர் கொள்ளும் சிமெண்ட் குளத்தில் கோய், தங்கமீன் போன்றவற்றைப் புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் அரை மணி நேரம்

காரணம் எதுவாயினும் முதலில் தர வேண்டியது காற்று. ஏர் பம்ப் இருந்தால் அதை முழு வேகத்தில் ஓட விடுங்கள். இல்லையென்றால், குளத்தில் கிடக்கும் மோட்டாரின் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்றடி தூக்கிக் கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி செய்யுங்கள். மின்சாரமே இல்லாத நிலையில், ஒரு வாளியால் குளத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதும் பலன் தரும். கை ஓய்ந்தால் வீட்டில் இன்னொருவரை அழையுங்கள். இந்தக் கட்டத்தில் குழாயைத் திறந்து புதுத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம். அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால், மூச்சுத் திணறும் மீனின் செவுளை அது மேலும் புண்ணாக்கும்.

காற்று ஏற்பாடு ஆனதும் இறந்த மீன்களை வலையால் அள்ளி வெளியே எடுங்கள். வெயிலில் அவை அழுகத் தொடங்கினால் அதுவே தண்ணீரைக் கெடுத்து அடுத்த சாவுக்கு வழி செய்யும். எடுத்தவற்றை உடனே தூக்கி எறியாமல், இன்னும் விறைப்பு விடாத ஒன்றிரண்டை ஒரு பையிலிட்டுப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். உறைய வைத்தால் திசு சிதைந்து ஆய்வுக்கு உதவாமல் போகும். சுத்தமான தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் குளத்து நீருக்குள் அமிழ்த்தி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள். தண்ணீரை மாற்றிய பிறகு எடுக்கும் மாதிரியில் குற்றவாளி தப்பியிருப்பான். தீனியை அடியோடு நிறுத்துங்கள். நன்கு வளர்ந்த கோய் ஒரு வாரம் தீனி இல்லாமல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

நேரமும் வரிசையும்

விடியலுக்குச் சற்று முன் இறப்பு நேர்ந்திருந்தால் முதல் ஐயம் ஆக்சிஜன் பற்றாக்குறை மீது விழ வேண்டும். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் மீன்களோடு சேர்ந்து அவையும் அதைச் செலவழிக்கின்றன. எனவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். வெப்பமும் இதற்குத் துணை போகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். 30 பாகையில் அது ஏழரை, கத்திரி வெயிலில் ஆழமற்ற குளம் எட்டும் 34 பாகையில் ஏறத்தாழ 7. தாங்கும் அளவு குறையக் குறைய, வெப்பத்தால் மீனின் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை இன மீன்கள் நிம்மதியாக இருக்கும். 3க்குக் கீழே போனால் அவை நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இப்படிப்பட்ட இரவுகளில் பெரிய மீன்களே முதலில் போகும், சிறியவை தப்பும். குளத்தில் குராமி இருந்தால் அது இன்னும் தெளிவான சாட்சி: காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், கோய் எல்லாம் மடிந்த குளத்திலும் குராமி ஒன்றும் நடவாததுபோல் நீந்திக்கொண்டிருக்கும். என் குளத்தில் அன்று இரண்டடி நீளமுள்ள வெள்ளைக் கோய், அருவி விழும் மூலையில், நின்றுபோன குழாயின் வாய்க்கு நேர் கீழே செவுள் மூடிகள் இரண்டும் விரிந்தபடி செத்துக் கிடந்தது. தண்ணீர் விழும் இடம் அதுதான் என்பதை அந்த மீன் கடைசி வரை மறக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, பிற்பகல் மூன்று மணிக்கும் அந்திக்கும் இடையில், பச்சைப் பசேலென்ற தண்ணீரில் மீன்கள் துவண்டு சாய்ந்தால், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச, நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 9 வரையும் அதற்கு மேலும் ஏறும். காலையில் தொல்லை தராத அதே அளவு அம்மோனியா அப்போது நஞ்சாகிவிடும். இதன் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

தண்ணீர் மாற்றிய அல்லது நிரப்பிய சில மணி நேரத்துக்குள், நேரம் காலம் பாராமல் மீன்கள் துள்ளி, சுவரில் உரசி, பின் ஓய்ந்தால் அது குளோரின். மீன்களோடு நத்தை, தவளைக்குஞ்சு, நீர்ப்பூச்சி எல்லாமே செத்திருந்தால் பூச்சிமருந்து. சிலநாள் முன்பு புது மீன் வாங்கி விட்ட குளத்தில் நாளுக்கு இரண்டு மூன்றாக, உடலில் புண்ணோடும் வெண்படலத்தோடும் இறந்தால் மட்டுமே நோயை முதலில் நினைக்க வேண்டும்.

இன்னொரு சான்று செவுளுக்குள் இருக்கிறது. சற்று முன் இறந்த மீன் ஒன்றை ஈரத் துணியின் மேல் கிடத்தி, கட்டை விரல் நகத்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மீன் மார்க்கெட்டில் நல்ல மீனைத் தேர்ந்தெடுக்க நாம் பார்க்கும் அதே பார்வைதான். நல்ல சிவப்பாக இருந்தால் செவுளில் பெரிய கோளாறு இல்லை. காப்பித்தூள் நிறமாக மாறியிருந்தால், அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரைட்டின் நஞ்சு. அது இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் கெடுக்கிறது. வெளுத்தும் கொழகொழவென்றும் இருந்தால் ஏதோ ஒன்று செவுளை அரித்திருக்கிறது. ஆங்காங்கே அழுகல்போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் தொற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு. செத்துப் பல மணி நேரம் ஆன மீனில் இந்த நிறங்களை நம்பக் கூடாது. எல்லாச் செவுளும் வெளுத்துத்தான் போகும்.

குளத்தை அளந்து வைத்திருங்கள்

என்ன செய்வதாக இருந்தாலும் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் விடையை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள குளம் 180 கன அடி, அதாவது ஏறக்குறைய 5,100 லிட்டர். வளைந்த ஓரமும் பாறை அடுக்கும் உள்ள குளத்தில் கணக்கைவிடக் குறைவாகவே தண்ணீர் இருக்கும். இந்த எண்ணைக் குளத்துச் சுவரிலோ மோட்டார் அறையின் கதவிலோ பெயிண்டால் எழுதி வைப்பது, பதற்றமான காலையில் உங்களை ஒரு பெரிய பிழையிலிருந்து காக்கும்.

கூடவே அம்மோனியா, நைட்ரைட், பிஎச், குளோரின் ஆகிய நான்கையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சென்னைவாசிகள் கொளத்தூர் கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு ஜோடி மீனைக் குறைத்துக்கொண்டு இதை வாங்கலாம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகை, காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அதன் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

காரணத்துக்கு ஏற்ற சிகிச்சை

ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு மருந்து காற்று ஒன்றுதான். மீன்கள் தெளிந்த பிறகும் அடுத்த இரண்டு மூன்று இரவுகள் கண்காணிக்க வேண்டும். பலநாள் வெயிலுக்குப் பின் திடீரென வானம் மூடிய நாளிலும், பாசிக்கொல்லி ஊற்றிய மறுநாளிலும், இடியுடன் மழை கொட்டி அடிச்சகதி கலங்கிய இரவிலும் பற்றாக்குறை திரும்ப வரும். பாசிக்கொல்லியை நான் பயன்படுத்துவதே இல்லை. செத்த பாசி மட்கும்போது உறிஞ்சும் ஆக்சிஜன், பாசியால் வந்த தொல்லையைவிடப் பெரிய தொல்லை.

குளோரினுக்கு வருவோம். குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. மனிதருக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீன் செவுளுக்குத் தீங்கு. லாரித் தண்ணீரிலோ அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் இருக்கலாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய சம்ப்பிலிருந்து முதலில் ஏறும் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். இதற்கு மாற்று, ஹைப்போ என்று வழங்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம். ஒரு பங்கு குளோரினை முறிக்க ஏழு பங்கு ஹைப்போ தேவை என்று கணக்கிட்டால் போதும்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம். மீன்கள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தால், புதிதாக ஊற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்கிடாமல் குளம் முழுவதற்கும் கணக்கிட்டு, ஒரு வாளி நீரில் கரைத்துப் பரவலாகத் தெளியுங்கள். மேலே சொன்ன 5,100 லிட்டர் குளத்துக்கு 70 முதல் 75 கிராம் ஆகும். போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு வேறு கவலை உண்டு. நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயுவும் சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயுவும் கலந்திருக்கும். அதை ஒரு தொட்டியில் பிடித்து ஒரு நாள் காற்றேற்றிய பிறகே குளத்தில் விட வேண்டும்.

அம்மோனியா விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சான பகுதி எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு. 8ஆக இருந்தால் ஏழு எட்டுப் பங்கு. 9ஆக இருந்தால் ஏறத்தாழ 45 பங்கு. நஞ்சான பகுதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் பழுதடையத் தொடங்கும். எனவே கிட்டில் 1 மில்லிகிராம் என்று வந்தால், காலை பிஎச் 7இல் அது தாங்கக்கூடியது, பிற்பகல் பிஎச் 9இல் அதுவே எமன்.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை பிறக்கிறது. நெடுநாள் தண்ணீர் மாற்றாத குளத்தில் பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியாவோ ஏறியிருக்கும். அங்கே பிஎச் கூடிய கடின நீரை ஒரேயடியாகப் பாதிக்குப் பாதி மாற்றினால், அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியா நொடியில் நஞ்சாகும். அதனால் முதலில் இரு நீரின் பிஎச்சையும் பாருங்கள். வித்தியாசம் சிறிதானால் கால் பங்கு மாற்றுங்கள். பெரிதானால் பத்தில் ஒரு பங்காக, நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். ஊற்றும் நீரின் குளோரினை முறிக்க மறவாதீர்கள். அம்மோனியா ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் புதுக் குளம், கூடுதல் மீன், கூடுதல் தீனி அல்லது செத்துப்போன ஃபில்டர். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறி வலுப்பெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் ஃபில்டர் பஞ்சைப் பளிச்சென்று கழுவினால் அந்தக் குடியிருப்பையே கலைக்கிறீர்கள். குளத்து நீரை வாளியில் எடுத்து அதில் அலசினால் போதும், அழுக்குத் தோற்றம் இருந்துவிட்டுப் போகட்டும்.

செவுள் பழுப்பாகி, கிட்டிலும் நைட்ரைட் தெரிந்தால் சமையலறைக்குப் போங்கள். அயோடின் சேர்க்காத கல்லுப்பை 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து, ஒரு நாளுக்குள் மூன்று நான்கு தவணையாக ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே புகாமல் தடுக்கும். 5,100 லிட்டர் குளத்துக்கு ஐந்து கிலோ. ஃபில்டரில் ஜியோலைட் கல் போட்டிருந்தால் அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். உப்புப் பட்டால் அது பிடித்து வைத்த அம்மோனியாவைத் திருப்பி உமிழ்ந்துவிடும்.

பூச்சிமருந்து என்று தெரிந்தால், முறிக்க வீட்டில் வழியில்லை. பிழைத்தவற்றைச் சுத்தமான நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றுவதே செயல். கொசுவுக்குப் புகை அடிக்கும் நாளில் குளத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, புகை கலையும் வரை ஏர் பம்பை நிறுத்தி வையுங்கள். ஏர் பம்ப் தான் இருக்கும் இடத்துக் காற்றை அப்படியே இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதால், அதன் பக்கத்தில் கொசுவத்தி கொளுத்துவதும் தவறு. மாமரத்துக்கும் ரோஜாத் தொட்டிக்கும் மருந்து அடிக்க வருபவரிடம் குளம் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

புதிதாகக் கட்டிய குளமாக இருந்தால், சிமெண்டின் சுண்ணாம்பு கசிந்து பிஎச் 10ஐத் தாண்டியிருக்கலாம். நம் பக்கத்தில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, சாணியும் கரைத்துவிட்டுச் சில வாரம் ஊற வைத்துக் கழுவும் வழக்கம் உண்டு. அதைச் செய்தாலும், புதுத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கழித்தும் பிஎச் 8.5க்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மீனை விட வேண்டும்.

நோய்தான் என்று தோன்றினால் சொந்த வைத்தியம் வேண்டாம். ஃபார்மலின் போன்றவை தண்ணீரின் ஆக்சிஜனையும் குறைப்பவை. கோய் மட்டும் கொத்தாகச் செத்து, அதே குளத்துத் தங்கமீன்கள் நலமாக இருந்தால், நீர் 18 முதல் 28 பாகைக்குள் இருக்கும் காலங்களில் கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஐயத்துக்கு இடமுண்டு. 1998இல் இஸ்ரேலின் கெண்டைப் பண்ணைகளை வாரிச் சென்ற இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அந்தக் குளத்து மீனையோ நீரையோ வலையையோ வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பனிக்கட்டியில் வைத்த மீனையும் நீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியை அணுகுங்கள். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் உள்ளன. சாகும் தறுவாயில் உள்ள மீனை உயிரோடு கொண்டுபோக முடிந்தால் ஆய்வுக்கு அதுவே மேல்.

அடுத்த சில வாரங்கள்

இறந்த மீன்களைச் சாக்கடையிலோ ஏரியிலோ வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிப் புதையுங்கள். பூனைக்கும் போட வேண்டாம். மூன்றாம் நாள் முதல் ஒரு சிட்டிகை தீனியில் தொடங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக நின்ற பிறகே வழக்கமான அளவுக்குத் திரும்புங்கள். காலியான இடத்தை உடனே நிரப்பக் கை துறுதுறுக்கும். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் என் குளத்துக்கு ஐந்து மீன்தான், சாவு நேர்ந்த அன்று பதினான்கு இருந்தன. புதிதாக வாங்குபவற்றைத் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகே குளத்தில் சேருங்கள்.

நெடுநேர மின்வெட்டுக்குப் பின் மூடிய வகை ஃபில்டரை அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கி நாறிய நீரை முதலில் வெளியே வடித்துவிட்டு, பிறகு குளத்தோடு இணையுங்கள். ஏர் பம்பை வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டால் இரவு மின்வெட்டைப் பற்றிய கவலை பாதி குறையும். என்னுடையது 35 வாட் பம்ப். 150 ஏஎச் பேட்டரியில் அது மட்டும் ஓடினால் விடியும் வரை தாராளமாகத் தாங்குகிறது. அருவி மோட்டாரின் சுவிட்சுக்கு மேல் "இரவில் நிறுத்தாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டில் மற்றவர்களுக்கு அல்ல, எனக்காக.